அப்பாவின் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது: காற்று அடித்ததா?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 52 வயது, ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. வியாழன் இரவு ரங்கூனிலிருந்து ஏசி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலது பக்கம் இழுத்திருக்கிறது, இடது கண் மூடவில்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி 'லே ப்யா', அதாவது காற்று அடித்துவிட்டது என்றாராம். அத்தை, ராத்திரிப் பயணத்தில் முனி அறைந்துவிட்டது என்கிறார். மருந்துக்கடையில் கலர் கலராக ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் திங்கட்கிழமை அழைத்துப் போவதாக ஏற்பாடு. இது ஸ்ட்ரோக்கா, முகம் பழையபடி ஆகுமா, கரண்ட் வைக்கலாமா, ஃபேனுக்குக் கீழே படுக்கலாமா என்பது கேள்வி. எழுதியது சனி இரவு.

தம்பி, முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். வெள்ளி காலை ஆரம்பித்தது என்றால் திங்கள் காலையோடு 72 மணி நேரம் முடிகிறது. நான் நினைக்கிற மாதிரி இது முகநரம்பு நோய் என்றால், அதற்கு உருப்படியான மருந்து என்று நிரூபணமானது ஒன்றே ஒன்றுதான். அதை அந்த 72 மணிக்குள் தொடங்க வேண்டும். நீவுகிறவரைத் திங்கள் பார்க்கலாமா வேண்டாமா என்று பிறகு பேசிக்கொள்ளலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்றே ஒரு டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மீதியை அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து படியுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. அப்பாவை எதிரே உட்கார வைத்து, ஆச்சரியப்படுவது போலப் புருவத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். இடது பக்க நெற்றியிலும் கோடு விழுகிறதா? வாய் மட்டும் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்குகிறது என்றால் அது மூளையில் வந்த கோளாறாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். வாய், கண், நெற்றி மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்து விழுந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் மூளையில் இல்லை, மூளையிலிருந்து வெளியே வந்த முகநரம்பில்தான்.

நெற்றிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? உங்கள் பக்கத்து நெல் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் கீழ்ப்பாதி ஒற்றை வாய்க்கால் பாயும் வயல். எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும்தான் அதற்குக் கட்டளை வருகிறது. நெற்றியோ இரண்டு வாய்க்கால் பாயும் வயல், மூளையின் இரண்டு பாதியும் அதற்குக் கட்டளை அனுப்புகின்றன. ஒரு பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலும் மற்றப் பக்கம் நெற்றியைக் காப்பாற்றிவிடும். ஆனால் வாய்க்கால்கள் இரண்டும் சேர்ந்த பிறகு, வயலுக்குள் நுழைகிற மடையே அடைபட்டால் எல்லாம் காய்ந்துபோகும். முகநரம்பு அந்த மடை.

இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஸ்ட்ரோக் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மூளைத்தண்டில் வரும் சில ஸ்ட்ரோக்குகள் நெற்றியையும் சேர்த்து விழவைக்கும், அப்பாவுக்கு வேறு சர்க்கரை இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒரு கை தானாக இறங்குகிறதா? நடை தள்ளாடுகிறதா? பொருள் இரண்டாகத் தெரிகிறதா? கை கால் மரத்திருக்கிறதா? பேச்சையும் கவனியுங்கள். உதடு மூடாததால் ப, ம போன்ற எழுத்துகள் குழறுவது முகநரம்புக் கோளாறிலும் உண்டு. சொல்லே வராமல் தடுமாறுவது, நீங்கள் சொல்வது புரியாமல் விழிப்பது அப்படியல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஸ்ட்ரோக்கில் அடைப்பைக் கரைக்கிற ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போடுகிறார்கள். அப்பாவுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்காவது வாய் கோணினால் காலை வரை காத்திருக்கத் தோன்றாது.

அப்பாவுக்கு நெற்றியும் விழுந்திருக்கிறது, வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இதற்கு பெல்ஸ் பால்சி என்று பெயர். சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1821-இல் முகநரம்பைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நோய் அவருக்கு ஆயிரம் வருடம் மூத்தது என்று சொன்னாலும் தப்பில்லை. பாரசீக மருத்துவர் அல் ராஸி இதை விவரித்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. வாழ்நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 60 பேரில் ஒருவர். ஒரு கல்யாணப் பந்தியில் நாலு வரிசையைப் பார்த்தால் ஒருவருக்காவது வந்திருக்கும் அல்லது வரப்போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும் பிரசவத்தை ஒட்டிய நாட்களிலும் இருக்கும் பெண்களுக்கும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

பேரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பர்மியர் 'லே ப்யா' என்கிறார்கள். லே என்றால் காற்று, ப்யா என்றால் அறுப்பது. நாம் முகவாதம் என்கிறோம். வாதமும் காற்றுதான். வாத நோய்களை எண்பதாக எண்ணி வைத்த சித்த மருத்துவத்தின் சொல் அது. மொழி இரண்டு, கை காட்டுகிற குற்றவாளி ஒன்று. பேரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தப் பேர் இரண்டு கெடுதல் செய்கிறது. ஒன்று, கை கால் விழுகிற பக்கவாதத்துக்கும் இதற்கும் ஒரே பேர் என்பதால் இது ஸ்ட்ரோக் என்று வீடே அழுகிறது, அல்லது ஸ்ட்ரோக்கை 'லேசான வாதம்' என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு, காற்று அடித்தது என்றால் அதை வெளியே எடுக்க வேண்டும் என்று நீவவும் தேய்க்கவும் போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்றாம் நாளைத் தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேர் நீவிவிட்டு வருகிறவர்கள்தான். அதிலும் வேடிக்கை, பலர் நல்ல பக்கத்தை நீவிவிட்டு வருவார்கள். வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அது நல்ல பக்கம். எதிர்ப்பக்கத் தசை இழுப்பதை விட்டுவிட்டதால் இது தன் பக்கம் இழுக்கிறது. அப்பாவுக்கு வாய் வலது பக்கம் போயிருக்கிறது, நோய் இடது பக்கம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? முகநரம்பு மூளைத்தண்டில் கிளம்பி, காதுக்கு உள்ளே இருக்கும் எலும்பில் ஒரு குகைப் பாதை வழியாக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளைந்து நெளிந்து வந்து, காது மடலுக்குக் கீழே வெளியே வருகிறது. உடம்பில் வேறெந்த நரம்பும் இவ்வளவு தூரம் எலும்புக் குழாய்க்குள் பயணம் செய்வதில்லை. அந்தப் பாதையின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் வீங்கினால் மோதிரம் என்ன செய்யும்? அதுதான் இங்கே நடக்கிறது. நரம்பு வீங்குகிறது, சுற்றியிருக்கும் எலும்பு விட்டுக்கொடுப்பதில்லை, நரம்புக்கு ரத்தம் போவது குறைகிறது, கட்டளை நின்றுபோகிறது.

வீக்கம் ஏன் வருகிறது? வலுவான சந்தேகம் ஒரு வைரஸ் மேல். உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருமே, அதே ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ். சின்ன வயதில் உடம்புக்குள் வந்து நரம்பு முடிச்சுகளில் வருடக்கணக்கில் தூங்குகிறது. ஜப்பானில் 1996-இல் அறுவை செய்துகொண்ட 14 பெல்ஸ் பால்சி நோயாளிகளின் நரம்பைச் சுற்றியிருந்த திரவத்தைப் பரிசோதித்தபோது 11 பேருக்கு இந்த வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. அதனால் முழுக் கதையும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பஸ் ஜன்னலைவிட நல்ல சாட்சி இது. குளிர்காற்று தூங்குகிற வைரஸைக் கிளப்பிவிடுமா என்ற வாதம் மருத்துவர்களிடையேயும் உண்டு, தீர்ப்பு வரவில்லை. அன்று அதே பஸ்ஸில் நாற்பது பேர் அதே ஏசியில் வந்தார்கள் என்பதை மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள்.

எனக்கே இது வந்திருக்கிறது. 31 வயது, டாக்டராகி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் காதுக்குப் பின்னால் வலி, கழுத்துப் பிடிப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் கோயிலில் உறுமி அடித்தபோது வலது காதில் மட்டும் மண்டை பிளக்கிற மாதிரிக் கேட்டது. வீட்டுக்கு வந்து லப்பெத் தோ (ஊறவைத்த தேயிலையைக் கலந்த பர்மியப் பதார்த்தம்) சாப்பிட்டால் நாக்கின் வலது பக்கம் ருசியே இல்லை, புளிப்பும் இல்லை உப்பும் இல்லை. படித்த புத்தகம் அப்போது ஞாபகம் வரவில்லை. முகநரம்பிலிருந்து ஒரு கிளை காதுக்குள் இருக்கும் குட்டித் தசைக்குப் போகிறது, பெரிய சத்தம் வந்தால் எலும்பை இழுத்துப் பிடித்து அடக்குவது அதன் வேலை. இன்னொரு கிளை நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி கொண்டுபோகிறது. வேறொன்று கண்ணீருக்கு. எல்லாம் அந்தக் குகையிலேயே பிரிகின்றன. மறுநாள் காலை தேநீர்க் கடையில் மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸின் சாறு புடவையில் ஒழுகியபோதுதான் என்ன வந்திருக்கிறது என்று புரிந்தது. அம்மா புறா வாங்க ஆள் அனுப்பிவிட்டார். வாதத்துக்குப் புறா ரத்தம் என்பது ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த வைத்தியம். சூப் வைத்துக் கொடுத்தால் குடிக்கிறேன், பச்சை ரத்தத்தைத் தடவக் கூடாது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். மாத்திரையும் அன்றே தொடங்கினேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மணிக்கணக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த மாத்திரை பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு வகை. வீக்கத்தை வடியவைக்கும். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஆய்வு இதில் பெரிய திருப்பம். நோய் தொடங்கி 72 மணிக்குள் வந்தவர்களுக்குத் தினம் இருவேளை 25 மில்லிகிராம் வீதம் 10 நாள் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள், சாப்பிடாதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பது மாதத்தில் 94.4-க்கு 81.6. அதே ஆய்வில் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் தெரியவில்லை. முகம் முழுதாக விழுந்தவர்களுக்குச் சில டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள், அதில் குற்றமில்லை. அசைக்ளோவிரை மட்டும் கொடுத்து ஸ்டீராய்டை விட்டால்தான் தவறு.

நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. 50 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்குப் பத்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால் 'பத்து மாத்திரையா?' என்று பயந்து வீட்டில் இரண்டாகக் குறைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மாத்திரையால் பலன் ஏதும் இல்லை, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். கடையில் கொடுத்த பொட்டலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு ஸ்டீராய்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை அப்படியே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். மறைக்க வேண்டாம், அவர் திட்டினாலும் பரவாயில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்பது நியாயமான பயம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், சந்தேகமே இல்லை. அதற்காக மருந்தையே தவிர்ப்பது வழக்கமில்லை. பத்து நாளுக்குச் சர்க்கரையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் மாத்திரையையோ இன்சுலினையோ டாக்டர் கூட்டிக் கொடுப்பார். காலையில் சாப்பிடுகிற பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து இரவு வரைதான் சர்க்கரையைத் தூக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மலாகத்தான் இருக்கிறது' என்று ஏமாந்துவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலும் பாருங்கள். தாகமும் சிறுநீரும் தாறுமாறாக அதிகமானால் பத்து நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்த நாடு டி.பி. அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, ஹெபடைடிஸ் பி-யும் இங்கே சாதாரணம். நாள்பட்ட இருமல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு டி.பி. மருந்து சாப்பிட்டது, மஞ்சள் காமாலை கிருமி ரத்தத்தில் இருப்பதாக யாராவது சொன்னது, வயிற்றுப்புண், இவற்றில் எது இருந்தாலும் ஸ்டீராய்டு எழுதும் முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது கண். முகம் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். மூடாத கண்ணில் கருவிழி புண்ணாகித் தழும்பு விழுந்தால் அது திரும்பாது. கோணல் வாயைப் பார்த்து எல்லோரும் கலங்குகிறார்கள், கண்ணை யாரும் பார்ப்பதில்லை. பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ கலந்த சொட்டு மருந்தாக இருக்கக் கூடாது, வெறும் ஈரப்பதத்துக்கானது. கடையில் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இரவில் கண் களிம்பு போட்டு, விரலால் மேல் இமையை மெல்ல இறக்கி மூடி, காகித டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். இமை முழுதாக மூடியிருக்கிறதா என்று ஒட்டிய பிறகு பார்க்க வேண்டும். பஞ்சை நேரடியாகக் கண் மேல் வைத்துக் கட்டினால் உள்ளே கண் திறந்து பஞ்சு கருவிழியை உரசும், அது கட்டாமலிருப்பதைவிட மோசம். மோல்மேனில் எல்லோரும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறீர்கள். அப்பா கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம், பின்னால் உட்கார்ந்து போனாலும் பக்கங்களும் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். அம்மா தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிடுவார் என்றால் கன்னத்தோடு நிறுத்தட்டும், காய்ந்து உதிரும் தூள் அந்தக் கண்ணுக்குள் விழக் கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டர்.

முகம் எப்போது திரும்பும்? டென்மார்க்கில் ஒரு மருத்துவர் இருபத்தைந்து வருடம், எந்த மருந்தும் கொடுக்காமல், 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002-இல் எழுதினார். அவர்களில் 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு வந்துவிட்டது. மொத்தத்தில் 71 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள். முகம் கொஞ்சமாவது அசைந்துகொண்டிருந்தவர்களில் 94 சதவீதம். சுத்தமாக விழுந்துபோனவர்களில் 61. உங்கள் ஊரில் நீவி, மந்திரித்து, புறாவால் குணமானவர்கள் எல்லாம் எங்கிருந்து வருகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? எதுவும் செய்யாமலே பத்தில் ஏழு பேர் தேறுகிற நோயில், யார் என்ன கொடுத்தாலும் பேர் வாங்கிவிடலாம். நாங்கள் மருந்து கொடுப்பது மீதி மூன்று பேருக்காக. அப்பா அந்த மூவரில் ஒருவரா என்று முதல் மூன்று நாளில் யாராலும் சொல்ல முடியாது.

குழந்தைகளுக்கு வந்தால் கணக்கு வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 187 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. ஒரு மாதத்தில் ஸ்டீராய்டு பெரிதாக வித்தியாசம் காட்டவில்லை, பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே தேறினார்கள். ஆனால் குழந்தைக்கு முகம் விழுந்தால் ரத்த அழுத்தமும் ரத்தப் பரிசோதனையும் பார்த்தே ஆக வேண்டும், அபூர்வமாக ரத்தப் புற்றுநோய் இப்படித் தலைகாட்டும்.

பெல்ஸ் பால்சி என்பது மற்றக் காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு வைக்கிற பேர். எனவே டாக்டர் அப்பாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். காதிலோ காது மடலிலோ வாய்க்குள்ளோ கொப்புளம், கூடவே தாங்க முடியாத காது வலி, காது மந்தம், தலைசுற்றல் என்றால் அது அக்கி. சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் முகநரம்பில் திரும்ப முளைப்பது. 1907-இல் ராம்சே ஹண்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் விவரித்ததால் இதற்கு அவர் பெயர். பாடகர் ஜஸ்டின் பீபர் 2022-இல் பாதி முகம் அசையாமல் வீடியோவில் வந்தாரே, அது இதுதான். இது பெல்ஸ் பால்சியைவிட முரட்டு நோய், முழுதாகத் திரும்புவது குறைவு. இங்கே அசைக்ளோவிர் கட்டாயம், அதுவும் பெரிய அளவில், தினம் ஐந்து வேளை 800 மில்லிகிராம், ஸ்டீராய்டோடு சேர்த்து. கொப்புளம் சில சமயம் முகம் விழுந்த பிறகுதான் வெளியே தெரியும், ஒரு வாரம் வரை காதைத் தினமும் பாருங்கள்.

காதில் நாள்பட்ட சீழ் உள்ளவருக்கு முகம் விழுந்தால் எலும்பைச் சீழ் அரித்திருக்கலாம், அது காது மூக்கு தொண்டை மருத்துவரின் அவசரக் கேஸ். காதுக்குக் கீழே கட்டி, அல்லது ஒரே நாளில் இல்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல முகம் விழுவது, இவை கட்டியைத் தேடச் சொல்பவை. இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்து, கால் பலமும் குறைந்தால் கில்லன் பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம், அது மூச்சு விடுவதையே தாக்கும். எச்.ஐ.வி. தொற்றிய ஆரம்ப நாட்களில் முகம் விழுவதும் உண்டு, ரத்தப் பரிசோதனை எழுதினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தொழுநோய். நாட்டளவில் ஒழிப்பு இலக்கை 2003-இல் எட்டிவிட்டாலும் நோய் இன்னும் போய்விடவில்லை. அது கண் இமைக்குப் போகும் கிளையை மெல்லத் தாக்கும், கண் மட்டும் மூடாது, முகத்திலோ உடம்பிலோ உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருக்கும். உங்கள் ஊரிலேயே தொழுநோய்க்கென்று பழைய கிறிஸ்தவ மருத்துவமனை இருக்கிறது. இவை எதற்கும் அறிகுறி இல்லாத ஒருவருக்கு முதல் நாளே ஸ்கேன் தேவையில்லை. அந்தக் காசுக்குச் சொட்டு மருந்து வாங்குங்கள்.

கரண்ட் வைப்பதைப் பற்றி. நம் ஊர் பிசியோதெரபி இடங்களில் முகவாதம் என்றதும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் எடுப்பார்கள். நரம்பு வேகமாகத் திரும்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நான் சிபாரிசு செய்வதில்லை. பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது, கண்ணை இறுக்கி மூடி மூடித் திறப்பது போன்ற முரட்டுப் பயிற்சிகளையும் விட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது. முழுதாக அடிபட்ட நரம்பு மறுபடி வளரும்போது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளர்கிறது, இழைகள் சில சமயம் வழி மாறிப் போய்விடும். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகும். அப்புறம் சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண்ணீர் வழியும். மொத்த முகத்தையும் முறுக்கிப் பழக்கினால் இந்தக் குழப்பத்துக்கே பழக்கம் கொடுத்தது போலாகும். அசைவு வரத் தொடங்கிய பிறகு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தசையாக, மெல்ல, இரண்டு பக்கமும் ஒரே அளவு அசைகிறதா என்று பார்த்துப் பத்துப் பத்து நிமிடம் செய்வதுதான் பயிற்சி. வாயோரத்தைச் சின்னப் புன்னகை அளவுக்கு நகர்த்துவது, அந்த நேரம் கண் சும்மா இருக்கிறதா என்று கவனிப்பது. அவ்வளவுதான். எனக்கு இன்னும் வாய்விட்டுச் சிரித்தால் வலது கண் கொஞ்சம் இடுங்கும். போட்டோவில் மட்டும் தெரியும்.

நீவுகிறவர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இல்லை. வெறும் தேங்காய் எண்ணெயில் மெல்லத் தடவினால் நரம்புக்கு நன்மையுமில்லை தீமையுமில்லை, மனசுக்கு இதம். கழுத்தைச் சொடுக்குவது, கன்னத்தில் சூடு வைப்பது, காதுக்குள் எண்ணெய் ஊற்றுவது மூன்றும் கூடாது. சர்க்கரைக்காரருக்குச் சூட்டுப்புண் லேசில் ஆறாது. 'நரம்பு ஊசி' என்று போடுகிற பி விட்டமின் ஊசியால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதைப் போட்டதே போதும் என்று ஸ்டீராய்டை விட்டுவிட்டால் அந்த ஊசிதான் கெடுதல். முனீஸ்வரருக்கு அத்தை நேர்ந்துகொள்ளட்டும். முகம் திரும்பிய பிறகு கடனைக் கழிக்கலாம்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. இடது கன்னத்துக்குள் சோறு தங்கிவிடும், அப்பாவுக்கே தெரியாது. கவளத்தை வலது பக்கம் வைத்து மெல்லச் சொல்லுங்கள், சாப்பிட்டதும் விரலால் கன்னத்துக்குள் துழாவிக் கொப்பளிக்கட்டும். அவர் கூன்யா (வெற்றிலை பாக்கு) போடுகிறவராக இருந்தால் நிறுத்த இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

மூன்று வாரம் கழித்து ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்தில் ஒரு துளி அசைவுகூட வரவில்லை என்றால் 'சிலருக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. அப்போதுதான் ஸ்கேனுக்கு வேலை, ரங்கூனுக்கு வந்து ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கும் வேலை. நூறில் ஏழு பேருக்கு வாழ்நாளில் இது மறுபடியும் வரும், அதே பக்கமோ மறுபக்கமோ. வந்தால் முதல் நாளே கிளம்புங்கள்.

ஃபேனைக் கேட்டீர்களே, போடலாம். முகத்துக்கு நேரே மட்டும் வேண்டாம். காற்று நரம்பை அறுத்துவிடும் என்பதால் இல்லை, மூடாத கண்ணைக் காயவைத்துவிடும் என்பதால்.